கிணத்தடிப் பூமரம்

அப்பு,

நலம், நலமறிய ஆவல்னு எழுதித்தான் கடுதாசியை ஆரம்பிக்கணும். இந்த வாட்டி பொய் எழுத மனசு வரல. எனக்கு வலது முழங்கால் நலமில்ல. உங்க அம்மாவுக்கு என் மேல இருக்கிற கோபம் ரொம்ப நலமா இருக்கு. உனக்கும் அப்படித்தான்னு உன் கடுதாசியைப் பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. தங்கச்சி கழுத்துல தாலி ஏறின கையோட, பந்தியில உக்காரக்கூடச் செய்யாம, மருமகளையும் கைப்பிள்ளையையும் இழுத்துக்கிட்டுத் திருச்சி பஸ்ஸைப் பிடிச்சவன், இப்ப மாசி பிறந்த பிறகு நாலு வரி எழுதியிருக்கே. சிறுமலை நிலம் உன் பேருலதான் இருக்கு, அதைச் சித்தையன்கோட்டைக்காரருக்குக் கொடுக்கப் போறே, பங்குனி உத்திரம் கழிச்சு ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போடுவே. அம்புட்டுத்தான். அப்பான்னு ஒரு சொல்லு மேலயும் இல்ல, கீழயும் இல்ல.

சரி, போடு. நிலம் உன் பேருல இருக்குறது வாஸ்தவம். உன் வாடகை வீட்டுல மழை பேஞ்சா பாய் நனையுது, பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் இளைப்புன்னு மருமக உங்க அம்மாவுக்குச் சொல்லிவிட்டதும் வாஸ்தவம். ஒழுகாத கூரை வேணும்னு ஒரு தகப்பன் நினைக்கிறதைத் தப்புன்னு சொல்ல நான் யாரு? கையெழுத்தைத் தடுக்கிறதுக்கு இந்தக் கடுதாசி இல்லப்பா. சண்டை போட எனக்குத் தெம்பும் இல்ல. கையெழுத்துக்கு முன்னாடி நீ செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, அதைக் கேக்கத்தான் எழுதுறேன். ஆனா வேலையை மட்டும் சொன்னா, கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சும்பே. கல்யாணத்தன்னைக்கே மருமககிட்ட நீ அப்படித்தான் சொன்னதாக் கேள்வி. அதனால முதல்ல இருந்து சொல்றேன். பொறுமையா வாசி. உனக்குப் பொறுமை கிடையாது, அது என்கிட்ட இருந்து வந்த சொத்து.

அன்னைக்கு நடந்ததை உன் பக்கத்துல நின்னு பார்க்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பாலசமுத்திரத்துல இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குறாங்க. வாசல்ல பந்தல் நிக்குது. திண்டுக்கல்லுலயும் செம்பட்டியிலயும் பழனி வரைக்கும் பேர் எடுத்த பந்தல்காரன் வீட்டுப் பந்தல். அதுல தென்னங்குருத்துத் தோரணம், ரெண்டு வாழை, கொஞ்சம் காகிதப்பூ. பூமரத்து ஓலையை வளைச்சு நான் கட்டுற பச்சை வளைவு இல்ல. சம்பந்தி நல்ல மனுஷன், வாய்விட்டுக் கேட்டுட்டார். "ஏனுங்க சம்பந்தி, அந்தக் காலத்துல உங்க கை வளைவைப் பார்த்துட்டுத்தானுங்க எங்க வீட்டுப் பொம்பளைங்க இந்தச் சம்பந்தத்துக்கே ஆசைப்பட்டாங்க. எங்கீங்க அதை?" நான் ஓலை கிடைக்கலைன்னேன். அவர் கால் கழுவக் கிணத்தடிக்குப் போனார். போனவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அட, கொல்லையிலயே நிக்குதுங்களே! நாலு ஓலை எடுத்தா ஆச்சுங்களே!"

அந்த நிமிஷம் உன் முகத்தை நான் பார்த்தேன்பா. அப்பன் பொய் சொல்லி மாட்டிக்கிட்டான்னு சம்பந்திக்கு முன்னாடி குறுகிப் போயிட்டே. அதை மறைக்கத்தான் சிரிச்சுக்கிட்டே அரிவாளை எடுத்தே. நான் பாய்ஞ்சு உன் மணிக்கட்டைப் பிடிச்சு, அரிவாளைப் பிடுங்கி, அம்புட்டுப் பேர் முன்னாடியும், "இது என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"ன்னு கத்தினேன். உங்கப்பன் நான்தாங்கிறது அப்ப நினைப்புல இல்ல. சம்பந்தி வீட்டுச் சின்னப் பொண்ணு ஒண்ணு களுக்குனு சிரிச்சிருச்சு. மறுநாள் முகூர்த்தம் முடியிறதுக்குள்ள வெயில்ல குருத்தோலையெல்லாம் துவண்டு தொங்க, உன் தங்கச்சி சரசு அந்தத் தோரணத்துக்குக் கீழதான் அழுதுக்கிட்டே வண்டி ஏறினா. ஊருக்கெல்லாம் பச்சை வளைவு, பெத்த மகளுக்குக் காஞ்ச ஓலையான்னு காது படப் பேசினாங்க. எனக்கும் கேட்டுச்சு.

இப்ப அந்த ஓலையோட கதையைச் சொல்றேன். நீ பந்தல் தொழில் பக்கமே வராம படிச்சு ஆபீஸுக்குப் போனவன், அதனால உனக்குப் பாதிதான் தெரியும்.

தென்னங்கீத்து ஒரு வெயிலுக்குத் தாங்கும். பூமரத்து ஓலை அப்படியில்ல. வெட்டி ஒரு வாரம் ஆனாலும் மினுமினுன்னு அதே பச்சை. பார்க்க ஈச்ச ஓலை மாதிரி இருக்கும், ஆனா முள் குத்தாது, வளைச்சா வளையும், ஒடியாது. சிறுமலை மேல, ஓடைச் சரிவுல, நிழலும் ஈரமும் இருக்கிற இடத்துல மட்டும் முளைக்கிற மரம். ஒரு ஆள் உசரத்துக்கு வளர ஒரு தலைமுறை எடுக்கும். இளவட்டமா இருந்தப்ப நானும் கூட்டாளிகளும் விடியறதுக்கு முன்னாடி அடிவாரத்துல இருந்து நடந்து ஏறி, சாயங்காலம் ஆளுக்கொரு கட்டு தலையில தூக்கிக்கிட்டு இறங்குவோம். எதிர்ல வாழைத்தார் ஏத்திக்கிட்டுப் பொதிக்குதிரைகள் வரும். குதிரைக்காரன் ஏசுவான், நாங்களும் ஏசுவோம். அந்த ஓலையை வளைச்சு வாசல்ல கட்டினா, தென்னங்கீத்துக்காரன் பந்தல் பக்கத்துல நிக்க முடியாது. என் பேர் பரவினது என் கைத்திறமையில பாதி, அந்த ஓலையில பாதி.

எங்க தொழில்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. காய் காய்ச்சிருக்கிற மரத்துல கல்யாணத்துக்கு ஓலை எடுக்கக் கூடாது. எடுத்தா கல்யாணப் பொண்ணுக்கு ஆகாது, வயித்துல தங்காதும்பாங்க. ஆத்தா மேல ஆணையா அதை யாரும் மீறினதில்ல. குடிகாரப் பய கூட மீற மாட்டான். அதனால காய்க்கிற மரத்துக்குப் பக்கமே போக மாட்டோம். காய்க்காம நிக்கிற மரத்தைத்தான் மொட்டையடிப்போம். மலட்டு மரம்னு அதுக்குப் பேர். மலடுதானே, இருந்தா என்ன போனா என்னன்னு குருத்து வரைக்கும் வெட்டுவோம். அந்த மலட்டு மரம் சில வருஷத்துக்கு ஒருவாட்டி உச்சியில ஒரு பூ விடும். முழங்கை நீளம், அன்னாசிப்பழம் மாதிரி செதில் செதிலா, பழுத்தா நாத்தம் தாங்காது. அதுதான் மதனகாமப்பூ. பழனிக்கடையில ஆம்பளைகளுக்குச் சூரணம் இடிச்சு விக்கிறாங்களே, அது. அதையும் அறுத்து வித்தோம். பூ அறுத்த மரத்துல குருத்துச் செத்தா மரத்தையே தள்ளிட்டு அடுத்ததுக்குப் போவோம். புண்ணியவான்க நாங்க. காய்ச்ச மரத்தைத் தொடல பாத்தியா.

மலை நிலம் வாங்கினது எப்படின்னு உனக்கு ஒரு கதை சொல்லி வச்சிருக்கேன், பின்னாடி உனக்கு உதவும்னு வாங்கினேன்னு. அது இல்ல. பக்கத்துச் சரிவெல்லாம் வாழைக்கும் எலுமிச்சைக்கும் வெட்டிக்கிட்டே வந்தாங்க. ஓலைக்கு நாங்க அஞ்சாறு பந்தல்காரங்க அடிச்சுக்கிட்டோம். வேற ஒருத்தன் அரிவாள் படாம எனக்குன்னு ஒரு சரிவு இருக்கட்டும்னு அந்த ஓடைக்கரையை வாங்கினேன். காப்பாத்த வாங்கலப்பா, வெட்டத்தான் வாங்கினேன். எனக்கு அப்ப அஷ்டமத்துச் சனி, என் பேருல எது வாங்கினாலும் நிக்காதுன்னு ஜோசியர் அடிச்சுச் சொன்னதால உன் பேருல எழுதினோம். நீ அன்னைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல பால் ஐஸ் கேட்டு அழுதே. அந்தச் சனி விட்டுப் போய் எம்புட்டோ வருஷமாச்சு, நிலம் மட்டும் உன் பேருலயே நின்னுபோச்சு.

நிலம் நம்மளுதுன்னு ஆகி ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு ஆசை வந்துச்சு. இனி மரம் குறையாம இருக்கணும்னா கன்னு போடணும்ல? காய்தான் பாவாடை கட்டின மாதிரி மரத்தைச் சுத்திக் கொத்துக் கொத்தாத் தொங்குதே. பழுத்துச் சிவந்த காயா எடுத்து ஓடை ஓரமா ஊனினேன். முளைக்கல. அடுத்த வருஷம் கூடைக் கணக்குல ஊனினேன். ஒண்ணும் வரல. மண்ணு சரியில்லன்னேன், எலி தின்னுச்சுன்னேன், மலை தெய்வத்துக்குப் பொங்கல் வைக்கலன்னேன். பொங்கலும் வச்சேன். காயை உடைச்சுப் பார்த்தா பருப்பு வெள்ளை வெளேர்னு இருக்கு, நடுவுல முளை மட்டும் இல்ல.

ஒருநாள் சாப்பிட உக்காந்து இதைப் புலம்பிக்கிட்டு இருந்தேன். உங்க அம்மா வெஞ்சனம் வச்சுக்கிட்டே கேட்டா, "அந்தப் பூ பூக்குற மரமெல்லாம் எங்க?" வெட்டியாச்சு, மலட்டு மரம்தானேன்னேன். கரண்டியைக் கீழ வச்சுட்டா. "அட கூறுகெட்ட மனுஷா! பனையில ஆண்பனை பெண்பனை தெரியாதா உனக்கு? புருஷனையெல்லாம் அறுத்துப் பழனிச் சந்தையில வித்துப்புட்டு, பொண்டாட்டி பிள்ளை பெறலையேன்னு பொங்கல் வச்சியாக்கும்!"

நான் திண்டுக்கல் சீமையில பிறந்தவன், நடக்கத் தெரிஞ்ச நாள்ல இருந்து பனைக்குக் கீழ நின்னவன், ஆண்பனை காய்க்காதுன்னு தெரிஞ்சவன். அதே தலையில இது ஏறலையே! நான் மட்டுமா, அப்பன் பாட்டன் காலத்துல இருந்து அம்புட்டுப் பந்தல்காரனுக்கும் ஏறல. காய்க்கிறதைத் தொடக்கூடாதுன்னு பக்தியா இருந்தோம் பாரு, அந்தப் பக்திதான் குடியைக் கெடுத்துச்சு. பாவம் பார்க்காம எல்லா மரத்தையும் கலந்து வெட்டியிருந்தாக்கூட ரெண்டு ஆண்மரம் மிஞ்சியிருக்கும்.

அன்னையில இருந்துதான் வளைவு கட்டுறதை நிறுத்தினேன். நீ கேட்டப்ப ஓலை கிடைக்கலைன்னேன், வேற என்னத்தைச் சொல்றது? என் வீட்டுல விளக்கு ஏத்தின பிழைப்பை என் வாயாலயே கெட்டதுன்னு சொல்லத் தெரியல. பந்தல் மேல ஏறி நின்னா எனக்கு வாய் ஓயாது, பெத்த பிள்ளைகிட்டப் பேசணும்னா நாக்கு எழாது. மத்தவங்க வேற மலையில இருந்து ஓலை கொண்டாந்து கட்டினாங்க, என் வாடிக்கை அவங்ககிட்டப் போச்சு. அப்பனுக்கு வயசாகித் தொழில் போச்சுன்னு நீ நினைச்சே. இருக்கட்டும்.

அப்புறம் ஆண்மரம் தேடி அலைஞ்சேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மலை முழுக்க, ஓடை ஓடையாத் தேடினேன். தேடப் போன இடமெல்லாம் ஒண்ணு வாழையா இருக்கு, இல்ல எரிஞ்சு கிடக்கு. ஆட்டுக்காரங்க புல் துளிர்க்கட்டும்னு பங்குனியில தீ வைப்பாங்க. அதுவும் போக இந்த மர ஓலையைத் தின்னா ஆடு மாட்டுக்குக் கால் இழுத்துக்கும், அதனால அவங்களுக்கு இந்த மரமே ஆகாது. ஒரு ஆட்டுக்காரன்கிட்ட, தம்பி இது அபூர்வமான மரம்யா, விட்டு வையின்னேன். "உங்களுக்கு அபூர்வம் ஓய், எனக்கு ரெண்டு ஆடு போச்சு"ன்னான். அவனை என்ன சொல்ல? நம்ம சரிவைச் சுத்தி நானே வருஷா வருஷம் புல்லைச் செதுக்கி, தீ தாண்டாம வெறுந்தரையா ஒரு பாதை எடுத்து வச்சேன். அதுலதான் இந்த முழங்கால் போச்சு. இப்ப அந்தச் சரிவுல மிஞ்சினா ஒரு டஜன் மரம் நிக்குது. அம்புட்டும் பெண்ணு. அம்புட்டும் வருஷம் தவறாம காய்க்குது. ஒரு காயிலயும் உசுரு இல்ல. ஆண்மரம் ஒண்ணுகூட நான் பார்க்கல.

நிழல் இருக்கிற வரைக்கும் அதுக நிக்கும், அப்புறம் ஒண்ணொண்ணாச் சாகும். சித்தையன்கோட்டைக்காரர் வந்தார், நேர்மையான மனுஷன். "அண்ணே, மரத்தைத் தொட மாட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். நிழலை எடுத்தாத்தான் எனக்கு எலுமிச்சை"ன்னார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். ரொம்ப அசதியா இருந்துச்சு. இத்தனை வருஷம் நெருப்புக்குக் காவல் காத்தது உசுரில்லாத காய்க்குத்தானேன்னு அன்னைக்குத் தோணுச்சு. உன் கடுதாசி அன்னைக்கு வந்திருந்தா நானே ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வண்டி பிடிச்சிருப்பேன்.

இப்ப கிணத்தடிக்கு வாரேன்.

அந்த மரம் அங்க எப்படி வந்துச்சுன்னு நினைப்பு இருக்கா உனக்கு? நீ மூணாப்போ நாலாப்போ படிச்சே. மலையில இருந்து வர்றப்ப உனக்குக் கோலி விளையாட அந்தக் காயை மடி நிறையக் கொண்டாருவேன். ஒருவாட்டி பக்கத்து வீட்டுப் பயகிட்ட எல்லாத்தையும் தோத்துட்டே. கடைசிக் காயையும் கொடுத்திரக் கூடாதுன்னு கிணத்தடிச் சேத்துல புதைச்சுட்டு, இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணே. அப்புறம் மறந்தே போயிட்டே. ஒரு மழைக்கப்புறம் சுருட்டின நாக்கு மாதிரி ஒரு குருத்து வந்துச்சு. உங்க அம்மா பிடுங்கப் போனா, நான்தான் கிடக்கட்டும்னேன். அந்தக் காலத்துல மலையில ஆண்மரம் இருந்துச்சு, காய்க்குள்ள உசுரும் இருந்துச்சு. அது எங்களுக்கு உறைக்கல. அந்தக் கன்னு வளர்ந்து, நீ பெரிய பரீட்சை எழுதுறப்ப உன் இடுப்பு உசரம். உங்க அம்மா அதுல கயிறு கட்டித் துணி காயப் போட்டா. ஒருவாட்டியும் காய்க்கல, ஒருவாட்டியும் பூக்கல. குளிக்கிற ரூம் கட்டணும், மலட்டு மரம் இடத்தை அடைக்குதுன்னு உங்க அம்மாவே எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கா. மலடுன்னு சொல்லாதேடின்னு நான் அவளை ஏச, உனக்கென்ன அது மேல அம்புட்டுப் பாசம்னு அவ என்னை ஏச, இப்படியே போச்சு.

கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி அது உச்சியில குருத்து வர்ற இடம் லேசாப் பருத்த மாதிரி இருந்துச்சு. ஓலையா, காய் பிடிக்கிற முதல் வரவா, பூவான்னு தெரியல. யார்கிட்டயும் சொல்லல. கல்யாண வீட்டுல போய் மரம் மாசமா இருக்குன்னா சிரிக்க மாட்டாங்களா? நீ அரிவாளை ஓங்கினது அந்தப் பருத்த இடத்துக்கு ஒரு சாண் கீழ. அதுக்குத்தான் பாய்ஞ்சேன். அதைச் சொல்லிப் பாய்ஞ்சிருக்கணும். வாயில வந்தது அந்தக் கேவலமான பேச்சுத்தான்.

நீங்க எல்லாரும் போனப்புறம், பந்தலைப் பிரிச்சு, வாடகைப் பாத்திரமெல்லாம் திருப்பிக் கொடுத்து, வீடு வெறிச்சுனு ஆனப்ப, அது மேல வந்துச்சு. முதல்ல கட்டைவிரல் தடிமன். அப்புறம் கை தடிமன். உங்க அம்மா தண்ணி இறைக்கப் போனவ குடத்தைப் போட்டுட்டு ஓடியாந்தா. "ஏங்க, வந்து பாருங்க! ஆம்பளைப் பிள்ளைங்க!"ன்னா. இத்தனை வருஷத்துல அவ அப்படிக் கத்தி நான் கேட்டதில்ல. நீ பிறந்தப்ப மருத்துவச்சி கூட அப்படிக் கத்தல. நான் போய்ப் பார்த்தேன். செதில் செதிலா, அன்னாசி மாதிரி, முழங்கை நீளம். கிணத்துக் கல்லுல உக்காந்து அழுதேன்பா. சொல்ல என்ன வெக்கம், அழுதேன்.

எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கத்துல மிச்சம் இருக்கிற ஆண்மரம் இது ஒண்ணுதான். இது இங்க கொல்லையில, அதுக அங்க மலை மேல. காத்து கொண்டு போற தூரமா அது? ஆள்தான் கொண்டு போகணும். செதில் விரிஞ்சு பொடி உதிர ஆரம்பிச்சதும் பூவை அறுத்து, நனையாம துணியில சுத்தி மேல கொண்டு போயி, ஒவ்வொரு மரத்துக்கும் ஏணி வச்சு ஏறி, புதுசா மஞ்சப் பஞ்சு மாதிரி விரிஞ்சிருக்கிற உச்சியில உதறணும். ஒருநாள் வேலை. நீ கேக்குறது காதுல விழுது, கூலிக்கு ஆள் விட வேண்டியதுதானேன்னு. விட்டா பூ மலைக்குப் போகாது, பழனிக்குப் போயிரும். பழைய கூட்டாளிகளைக் கேட்டா பூ வந்த சேதியை ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பானுங்க, பொழுது விடிஞ்சா கொல்லைச் சுவர் ஏறிக் குதிச்சிருப்பானுங்க. உங்க அம்மா நான் போறேங்கிறா. வாயால ஏறுவா, ஏணியில ஏற மாட்டா. நான் செம்பட்டி பஸ்ல ஏறவே கம்பியைப் பிடிச்சுத் தொங்குறேன். அதனால உன்னைக் கேக்குறேன். இதுவரைக்கும் உன்னை நான் எதுவும் கேட்டதில்ல, அதட்டித்தான் இருக்கேன்.

இதைச் செய்தா நிலத்தை விக்காதேன்னு அர்த்தமில்ல. நீ அதை மனசுல போட்டுக் குழப்பாதே. உன் பிள்ளைக்கு இளைப்பு, அதுக்கு முன்னாடி மரம் பெரிசில்ல. காய் பழுத்து விழ அடுத்த வருஷம் ஆகும், அதுவரைக்கும் நிழலை வெட்டாம இருன்னு சித்தையன்கோட்டைக்காரர்கிட்டக் கேட்டா கேட்டாலும் கேப்பார், கேக்காமலும் போவார். கேக்கலன்னா அதுவும் போச்சு. இப்படிப் போனது நிறையப் பார்த்துட்டேன். ஆனா உசுருள்ள காயை ஒருவாட்டியாவது அந்தச் சரிவுல பார்த்துட்டுப் போகணும்னு எனக்கு ஆசை. நான் எடுத்ததை வச்சுப் பார்த்தா இது ஒரு கைப்பிடிதான். அந்தக் கைப்பிடியும் நீ கோலியில தோத்த காயில இருந்து வந்தது.

உனக்கு ஒரு ஞாபகம் சொல்றேன், சிரிப்பே. சின்னதுல ஒருவாட்டி நான் பூவோட வீட்டுக்கு வந்தப்ப, எலி செத்துக் கிடக்குன்னு கத்திக்கிட்டு மூக்கைப் பொத்தித் தெருவுக்கே ஓடினே. இப்பவும் நாத்தம் அப்படியேதான். மருமகளையும் பிள்ளையையும் முன்கட்டுலயே இருக்கச் சொல்லு. அவங்களையும் கூட்டிட்டுத்தான் வரணும். உங்க அம்மா பேத்திக்கு ஓமவள்ளி போட்டு என்னமோ காய்ச்சி வச்சிருக்கா. சரசுவும் மாப்பிள்ளையும் வாராங்களாம். சம்பந்தி ஆளனுப்பிக் கேட்டாராம், "கொல்லை மரம் சௌக்கியமுங்களா"ன்னு. அவர் கேலி பண்றாரா, நெசமாக் கேக்குறாரான்னு தெரியல. நெசமாத்தான் இருக்கும்.

நேத்துக் காலையில இருந்து அடிச்செதில் விரிய ஆரம்பிச்சிருச்சு. தட்டினா மஞ்சப் பொடி விழுது. தண்ணி தெறிச்சு நனைஞ்சிரும்னு உங்க அம்மா நம்ம கிணத்துல இறைக்கிறதையே விட்டுட்டா, பக்கத்து வீட்டுல இருந்து குடம் தூக்குறா. அதுக்கும் என்னைத்தான் ஏசுறா. இன்னும் நாலஞ்சு நாள் தாங்கும், அதுக்கு மேல பொடியெல்லாம் கொல்லையிலயே கொட்டிப்போகும். கடுதாசி கிடைச்சதும் லீவு சொல்லிட்டுக் கிளம்பு. பந்தல் ஏணியை எடுத்துக் கயிறு மாத்திக் கட்டி வச்சிருக்கேன். சுத்துறதுக்கு என் கல்யாண வேட்டியைத் துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன்.

அன்னைக்கு உன் கையில இருந்து பிடுங்கின அரிவாளையும் தீட்டி வச்சிருக்கேன். பூவை நீதான் அறுக்கணும், மரம் உன்னது. இந்த வாட்டி கையைப் பிடிக்க மாட்டேன்பா, வா.

இப்படிக்கு,
உங்கப்பன்